எனக்கும் அதே மதி

மாமாவோடு ஹோட்டலுக்குப் போவது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. வீட்டில் கிடைக்காததைத் தின்னத்தானே ஹோட்டலுக்குப் போகிறோம். மாமா கூட வந்தால் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிடும்.

ஒருநாள் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தோம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாமா நெய் ரோஸ்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அது எந்த நிறத்தில் இருக்கவேண்டும், நுனி எப்படி நொறுங்கவேண்டும் என்று எனக்கும் அண்ணாவுக்கும் ஒரு பிரசங்கமே நடந்தது. அண்ணாவுக்கு முந்தின நாளிலிருந்து வயிறு சரியில்லை. அவன் இரண்டு இட்லியும் குடிக்கச் சுடுவெள்ளமும் சொன்னான். சட்னி வேண்டாம், சாம்பார் வேண்டாம், கொஞ்சம் சர்க்கரை போதும். சப்ளையர் மாமா பக்கம் திரும்பினார். மாமா ஒரு நிமிஷம் அண்ணாவின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் அதே மதி" என்றார்.

மதி என்றால் எங்கள் ஊரில் போதும் என்று அர்த்தம். மலையாளச் சொல்தான். ஆனால் கரமனையில் தமிழ் பேசுகிற எங்கள் தெருக்காரர்கள் அதைச் சொந்தச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டு பல தலைமுறை ஆகிவிட்டது. இலையில் சோறு விழும்போது கையைக் குறுக்கே நீட்டி மதி, மதி என்று மற்றவர்கள் நிறுத்துவார்கள். மாமா மட்டும் சாப்பாடு தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு அந்த வெறும் இட்லியைச் சர்க்கரையில் தொட்டு விரலை நக்கி நக்கி ரசித்துத் தின்றார். மசால் தோசை சொல்லியிருந்த எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. அம்மா கல்யாணமாகி இங்கே வந்த சில வருஷங்களில் அவருக்கும் திருவனந்தபுரத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ரூம் பார்க்கிறவரைக்கும் இரு என்று அப்பா சொன்னார். ரூம் கடைசிவரை பார்க்கப்படவேயில்லை. அப்பா காலமான பிறகு வீட்டில் அம்மாவும் மாமாவும்தான். அண்ணா கல்யாணமாகி ஊரிலேயே வேறு பக்கம் குடியேறினான். நான் கல்யாணமாகி அமெரிக்கா போனேன்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மாமா ஒன்றும் நாக்கை அடக்கிய சந்நியாசி அல்ல. நாக்கு ரொம்ப நீளம். சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் ஏத்தங்காய் வறுவல் பொட்டலம் வீடு வந்து சேராது. ஆனால் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு ஒன்று ஆகாது என்றால், அந்த நிமிஷம் அது இவருக்கும் ஆகாமல் போய்விடும். அவர்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்கிற முகபாவமும் இருக்காது. அதுதான் எங்களுக்கு எரிச்சல். தியாகம் செய்கிறவரையாவது நாலு வார்த்தை திட்டலாம். சுகமாகச் சாப்பிடுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது?

எனக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலை வந்தது. உப்பில்லை, எண்ணெய் இல்லை, கஞ்சியும் நீர்மோரும்தான். விடிந்ததும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பாள் அம்மா. மாமா ஆபீசிலிருந்து வந்ததும் என் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து அதே உப்பில்லாத கஞ்சியை உறிஞ்சுவார். கீழாநெல்லியையும் விடவில்லை.

"ஒனக்கா காமாலை?" என்று அம்மா கேட்டாள்.

"அவ மாத்திரம் தனியா மூஞ்சியைச் சுளிக்கணுமாக்கும்" என்றார் மாமா. "ரெண்டு பேரா சுளிச்சா ஒரு கம்பெனி அல்லே."

அவர் மதியத்துக்கும் அதே கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோனதால், அவருக்கும் காமாலை என்று ஆபீசில் செய்தி பரவிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்துக்கொண்டாராம். மாமா மறுக்கவில்லை. எனக்கு உப்புப் போட்ட அன்றுதான் அவருக்கும் காமாலை இறங்கியது.

அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுவே காரணம் என்பது அம்மாவின் கட்சி. ஒரே ஒரு தடவை பெண் பார்க்கப் போனார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் தட்டில் வந்தன. பெண் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டுச் சுவரோரம் நின்றாள். மாமா தட்டைத் தொடவில்லை. பெண்ணின் அப்பா, "எடுத்துக்கணும்" என்று உபசரித்தார். மாமா சுவர்ப்பக்கம் கையைக் காட்டி, "அவாளுக்கு?" என்றார்.

"அவ அப்பறம் சாப்பிட்டுப்பா."

"அப்போ எனக்கும் அப்பறம் மதி."

பெண்ணைப் பிடிக்காமல்தான் பலகாரத்தை ஒதுக்கினார் என்று அந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாளே வேண்டாமென்று ஆள் வந்தது. "ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில போட்டிருந்தா இன்னிக்கு ரெண்டு கொழந்தை இருக்கும் இவனுக்கு" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். மாமா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

இந்த வேடிக்கையெல்லாம் என் மகள் விஷயம் வரைக்கும்தான்.

என் மகள் அமெரிக்காவில் பிறந்தாள். பாலும் முட்டையும் அவளுக்கு ஆகாது என்று ஒரு வயதிலேயே தெரிந்துவிட்டது. ஏதோ வயிற்று மந்தம் இல்லை. ஒரு சொட்டு பால் பட்டால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு முட்டும். எப்போதும் என் கைப்பையில் ஊசி மருந்து இருக்கும். அவளுக்கு நாலு வயதில் ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா அலட்சியம் பண்ணுகிறவள் இல்லை. பாலை ஒதுக்கினாள், மோரை ஒதுக்கினாள், வெண்ணெய் ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தாள். ஆனால் எங்கள் வீடுகளில் சாதம் பரிமாறியதும் அதன்மேல் ஒரு சொட்டு நெய் விடுவார்கள். அன்ன சுத்தி என்று பேர். அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. சாதத்தைச் சுத்தி பண்ணுகிற காரியம் அது. அம்மாவின் கை பழக்கத்தில் அதைச் செய்துவிட்டது.

பத்து நிமிஷத்தில் குழந்தையின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிவிட்டது. ஊசி போட்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாயங்காலம் சரியாகிவிட்டது. வீடு திரும்பியதும், "ஏம்மா நெய் விட்டே?" என்று கேட்டேன். அம்மா வெலவெலத்துப் போயிருந்தாள்.

"நெய் எங்கடி விட்டேன்? அது சுத்தின்னா" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. "இனிமே இந்த ஆத்துல என் கொழந்தை ஒரு வாய் சாப்பிடாது" என்றேன். சொன்னதைத் தப்பென்று நான் இப்போதும் நினைக்கவில்லை. அன்று மூச்சுக்குத் திணறியது என் குழந்தை. மிச்சமிருந்த நாட்கள் நானே தனி அடுப்பில் சமைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கு ஊட்டினேன். அம்மா அந்தப் பக்கம் வரவேயில்லை. அமெரிக்கா போனபிறகு இரண்டு வருஷம் நாங்கள் ஊருக்கு வரவும் இல்லை.

அந்த இரண்டு வருஷத்தில் என் மகள் தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு தனி மேஜை. பிறந்தநாள் விருந்துகளில் எல்லாரும் கேக் தின்னும்போது அவள் தன் டப்பாவைத் திறப்பாள். பிறகு விருந்துக்கே வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். வீட்டிலும் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். எதைக் கொடுத்தாலும் முதல் கேள்வி, "இது சேஃபா?" நான் ஆமாம் என்றாலும் இன்னொருமுறை கேட்பாள். ஐந்து வயதுக் குழந்தை இப்படிக் கேட்பது எனக்கு நெஞ்சில் முள் மாதிரி இருந்தது. இவள் வாழ்நாள் முழுக்க யாரோடும் உட்கார்ந்து சாப்பிடாமலே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

அவளுடைய ஆறாவது பிறந்தநாளை ஒட்டித்தான் நானும் அவளும் மறுபடி ஊருக்கு வந்தோம். இறங்கிய அன்றே மாமா கையில் கட்டன் காப்பி இருப்பதைப் பார்த்தேன். அம்மாவும் பாலில்லாத அதே கறுப்புக் காப்பியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

"என்னம்மா இது?"

"நீங்க இருக்கற வரைக்கும் எனக்கும் இதாக்கும். ஆத்துல பாலே வாங்கலை." அம்மா மாமா இருந்த பக்கம் முகவாயால் காட்டினாள். "இவனுக்கு ரெண்டு வருஷமா இதான்."

எனக்குப் புரியவில்லை.

"நீ கொழந்தையைத் தூக்கிண்டு போன மறுநாள் எலையில ஒக்காந்தான். சாதத்தைப் போட்டு நெய்க் கரண்டியை எடுத்தேன். கையைக் குறுக்கே நீட்டி, எனக்கும் அதே மதின்னான். எதே மதின்னேன். கொழந்தைக்கு என்ன உண்டோ அதுன்னான். எனக்கு வந்ததே கோபம். என்னைக் குத்திக் காட்டறான்னு நெனச்சுண்டு ஒரு மாசம் மொகம் குடுத்துப் பேசலை. நெய் இல்லே, பால் இல்லே, மோர் இல்லே. எதுவரைக்கும்டா இப்படின்னு கேட்டா பதிலே கெடையாது."

தயிர் இல்லாமல் மாமாவா? அதைத்தான் என்னால் நம்பமுடியவில்லை. மற்றவர்கள் சாம்பார், ரசம் என்று சாப்பிட்டுக் கடைசியில் மோர் விட்டுக்கொள்வார்கள். மாமாவுக்கு முன்னால் வருகிறதெல்லாம் தயிருக்கு முகவுரை. கல்சட்டியில் தானே உறை ஊற்றுவார். வெட்டினால் துண்டாக வரவேண்டும். அதைச் சாதத்தில் பிசைந்து கடுகுமாங்காய் தொட்டுக்கொண்டு அவர் சாப்பிடும்போது யாரும் அவரிடம் பேசக்கூடாது.

"அப்பறமாத்தான் எனக்கு வெளங்கித்து" என்றாள் அம்மா. குரல் தாழ்ந்திருந்தது. "தெனம் ஒருத்தனுக்கு அப்படிச் சமைச்சுச் சமைச்சு என் கை பழகிப் போச்சு. இப்போ நெய்க் கரண்டி எங்க இருக்குன்னு கூட எனக்கு ஓர்மை இல்லை. நீ என்னிக்காவது கொழந்தையோட வருவே, அப்போ கை தப்பப்படாதுன்னு இவன் நெனச்சிருக்கான். வாயைத் திறந்து சொன்னா என்ன கேடு?"

நான் சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். முன்பு நெய் விட்ட சுவாமி விளக்கில்கூட நல்லெண்ணெய்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறந்தநாளன்று காலையில், தடித்த தோசை மாதிரி கட்டம் கட்டமாக அச்சு விழுகிற வாஃபிள் செய்வது எங்கள் வழக்கம். பாலும் முட்டையும் இல்லாமல் என் கைக்குச் சரியாக வந்த ஒரே பலகாரம் அது. அதற்கான மெஷினையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அண்ணா குடும்பத்தையும் பத்து மணிக்குக் கூப்பிட்டோம். "பிரஞ்ச்" என்று நான் சொன்னதும் அம்மா அது என்ன என்று கேட்டாள். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒன்றாகச் சாப்பிடுவது என்றேன். "பத்து மணிக்குத்தானே நம்ம தெருவில எல்லார் ஆத்துலயும் ஊண். இதுக்கு ஒரு பேரா?" என்றாள்.

"பால், முட்டை, நெய் எதுவும் சேராம பண்றதுக்கு வீகன்னு பேரும்மா. வீகன் வாஃபிள்."

"வேகணும்னு தனியாச் சொல்லணுமா? வேகாம யார் போடப் போறா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முழுக்க அந்த வாஃபிள் எங்கள் வீட்டில் 'வேகணும்' என்றே அழைக்கப்பட்டது.

அமெரிக்க மெஷினை இங்கத்திய கரண்டில் மாட்டினால் புகைந்துவிடும். அதற்கு ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். எதிர் வீட்டுப் பிள்ளையும் அமெரிக்காவில்தான். அங்கிருந்து மாமா ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மிக்கல் கனம். சுவரில் செருகியதும் வண்டு மாதிரி உறுமியது. நான் கோதுமை மாவையும் கொஞ்சம் அரிசி மாவையும் சலித்து, பேக்கிங் பவுடர், சர்க்கரை, உப்புச் சேர்த்தேன். முட்டைக்குப் பதிலாக நன்றாகக் கனிந்த பாளையங்கோடன் வாழைப்பழத்தை மன்னி மசித்தாள். தேங்காயெண்ணெய் இரண்டு கரண்டி. மாமா தேங்காயைத் துருவி அரைத்துத் துணியில் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணாம் பால் ரெடி" என்று உரக்கச் சொன்னார்.

வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் இரண்டடி பின்னால் போனாள். முகம் வெளுத்துவிட்டது. அமெரிக்காவில் நாங்கள் தேங்காய்ப்பாலை இங்கிலீஷிலேயே சொல்வோம். பால் என்ற தமிழ்ச் சொல் அவளைப் பொறுத்தவரை விஷத்தின் பேர். இது தேங்காய், உனக்கு ஆகும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "பால்னு சொன்னாரே, பால்னு சொன்னாரே." எனக்கு எல்லாம் கெட்டது என்று தோன்றியது.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதாக்கும். இது பால் இல்லை. தேங்காயைப் பிழிஞ்சது. வெள்ளையா இருக்கேன்னு யாரோ விவரம் இல்லாதவா அந்தப் பேரை வச்சுட்டா. இந்த ஆத்துல இனி யாரும் அப்படிச் சொல்லப்படாது."

பிறகு அம்மா பக்கம் திரும்பி, "கேட்டயா? பிழிஞ்சது" என்றார்.

"ஓ, ரெண்டாம் பிழிஞ்சதும் எடுத்துடு" என்றாள் அம்மா, சற்றும் சிரிக்காமல். குழந்தை போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

பிழிஞ்சதில் அரை எலுமிச்சம்பழத்தின் சாறு விட்டு, திரிந்ததும் மாவில் கொட்டிக் கலந்தேன். முதல் வாஃபிள் எல்லா முதல் தோசையையும் போல ஒட்டிக்கொண்டு இரண்டாகக் கிழிந்தது. அடுத்தது ஒழுங்காக வந்தது. ஆனால் ஒரு சங்கடம். அந்த மெஷினில் ஒரு தடவைக்கு ஒன்றுதான் வரும். முதலில் யாருக்குப் போடுவது? அமெரிக்காவில் ஆளுக்கொன்றாக, வேக வேக எடுத்துத் தின்போம். மாமாவிடம் அது நடக்குமா? வாஃபிள் வட்டமாக, நாலு துண்டாகப் பிய்கிற மாதிரி வரும். துண்டு துண்டாகப் பிய்த்து எல்லா இலைக்கும் ஒவ்வொன்று போட்டால் பந்தி சமமாகிவிடும் என்றார் மாமா.

"பிரசாதம் மாதிரின்னா இருக்கு" என்றான் அண்ணா.

கூடத்தில் வரிசையாக இலை போட்டோம். அண்ணா, மன்னி, அவர்கள் பையன், நான், மாமா. மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு வெற்று இலை. அதற்குரியவள் உள்ளறை வாசலில் தன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா பரிமாறினாள். ஒவ்வொரு இலையிலும் ஒரு துண்டு வாஃபிள், அதன்மேல் வெல்லப்பாகு, ஓரத்தில் நறுக்கிய பழம். வெற்று இலைக்கு முன்னால் வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். அவள் கையால் என் குழந்தைக்கு எதையும் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போடலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைப் பார்த்தேன்.

மாமா சாப்பிட ஆரம்பிக்கவில்லை. அதனால் யாரும் ஆரம்பிக்கவில்லை. அவர் குழந்தையைக் கூப்பிடவும் இல்லை. தன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குழந்தை ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எல்லாருக்கும் என்னோட வாஃபிளா?"

"ஆமாம்" என்றார் மாமா.

"ஏன்? நீங்கள்லாம் வேற சாப்பிடலாமே."

"மத்தவா சாப்பிடலாம். எனக்கு முடியாது. எனக்குப் பால் ஆகாது. நெய், தயிர் ஒண்ணும் ஆகாது."

குழந்தை ஓரடி முன்னால் வந்தாள். "அலர்ஜியா?"

மாமா ஒருதரம் அம்மாவைப் பார்த்தார். "ஆமாம். அலர்ஜி."

அவள் வாழ்க்கையில் தன்னைப்போல் இன்னொருவரைப் பார்த்ததில்லை. நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் திரும்பியது அம்மாவிடம். ஊருக்கு வந்த நாளிலிருந்து அம்மாவிடம் அவள் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"நிஜமாவா, பாட்டி?"

அம்மா குளித்து விளக்கேற்றிவிட்டு நிற்கிறாள். விசேஷ நாள். தம்பிக்குச் சின்ன வயதில் கட்டித் தயிரைப் பிசைந்து கையில் உருட்டிப் போட்டவள் அவள். இன்றைக்குப் போய் அவள் பொய் சொல்லுவாளா?

"ஆமாண்டி கண்ணா" என்றாள் அம்மா. "ரெண்டு வருஷமா இவனுக்கு ஒரு சொட்டு நான் விட்டதில்லை."

"லிப்ஸ் வீங்குமா?" என்று மாமாவைக் கேட்டாள் குழந்தை.

"பன் மாதிரி."

"எனக்கும்" என்றாள் அவள். வந்து அவர் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா குனிந்து ஒரு துண்டை வைத்தாள். வெல்லப்பாகு இலைக்கு வெளியேயும் ஒழுகும்வரை ஊற்றினாள்.

"மாமாத்தாத்தா, இது சேஃபா?"

மாமா தன் இலையிலிருந்து ஒரு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டார். மென்றார். உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சேஃப்" என்றார். அதன்பிறகு அவள் என்னைக் கேட்கவேயில்லை. சாப்பிட்டாள். மெஷினைத் திறக்க யாருக்கும் நினைவு வராததால் அடுத்த வாஃபிள் கரிந்துவிட்டது. அதையும் அண்ணா பையன் தின்றுவிட்டான்.

அன்று ஆரம்பித்ததுதான். மாமாவின் அலர்ஜியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை என் மகள் எடுத்துக்கொண்டாள். அமெரிக்காவிலிருந்து வாராவாரம் போன் பண்ணுவோம். எடுத்ததும், "யாராவது உங்களுக்கு மோர் குடுத்தாளா? பாயசத்தில என்ன விட்டான்னு கேட்டேளா?" என்று விசாரணை நடக்கும். மாமா போகிற கல்யாணங்களில்கூட அவள் சொல்படி விசாரித்துவிட்டுத்தான் இலையில் கை வைத்தாராம். கல்சட்டியை அம்மா உப்புப் போட்டு வைக்கப் பயன்படுத்தினாள். இரண்டு வருஷமாக இருந்தது நாலு வருஷமாகி, ஆறாகி, எட்டாயிற்று. இனி அவள் பார்க்கவா போகிறாள், ஒரு கரண்டி விட்டுக்கொள்ளேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாளாம். "கேட்டா என்ன சொல்றது?" என்றாராம் மாமா. அதற்குள் என் மகள் பள்ளிக்கூடத்தில் எல்லாரோடும் ஒரே மேஜையில் உட்கார ஆரம்பித்திருந்தாள். எங்க தாத்தாவுக்கும் இருக்கு என்று அவள் தோழிகளிடம் சாதாரணமாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதற்காக மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

முட்டை சில வருஷங்களிலேயே ஒத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் டாக்டர் பாலுக்கு மறுபடி சோதனை செய்தார். ஒரு ஸ்பூன் பாலில் ஆரம்பித்து, காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் ஒரு டம்ளர் முழுக்கக் குடிக்க வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. சில குழந்தைகளுக்கு வளர வளர இது போய்விடும், உனக்குப் போய்விட்டது என்றார். நான் காரில் உட்கார்ந்து அழுதேன். வழியில் ஐஸ்கிரீம் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"எனக்கு வேண்டாம்" என்றாள்.

"ஏன்? பயமா இருக்கா?"

"மாமாத்தாத்தாவுக்கு இன்னும் போகலையே. நானும் சாப்பிட ஆரம்பிச்சுட்டா அவர் மட்டும் தனியா ஆயிடுவார்."

உண்மையைச் சொல்லிவிட வாய்வரைக்கும் வந்தது. அதை நான் எப்படிச் சொல்வேன்? ஒரு வாரம் அவள் எதையும் தொடவில்லை. நானும் மாமாவிடம் மூச்சு விடவில்லை. தானே சொல்லவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமாத்தாத்தா, கோவிச்சுக்க மாட்டேளே? எனக்கு அலர்ஜி போயிடுத்து."

அந்தப் பக்கம் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது.

"அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு வந்தது. "எனக்கும் போயிடுத்து, கேட்டயா. போன மாசமே டாக்டர் சொல்லியாச்சு. ஒன்னண்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். நீ மட்டும் தனியா ஆயிடுவயேன்னுதான்."

என் மகள் சிரித்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். "அப்போ நீங்க ஒண்ணுமே சாப்பிடலையா இன்னும்?"

"எப்படிச் சாப்பிடறது? நீ இல்லாமயா?"

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "ஆத்துல தயிர் எங்கடா இருக்கு? இரு, எதிராத்துல வாங்கிண்டு வரேன். போனை வச்சுடாதே." அவசரமாகச் செருப்பு மாட்டுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம். எங்கள் வீட்டில் நான் ஐஸ்கிரீமை எடுத்து வைத்தேன். அம்மா மூச்சு வாங்கத் திரும்பி வருவது போனில் கேட்டது.

"ஒரு ஸ்பூன்தான் சாப்பிடணும்" என்று என் மகள் கண்டிப்பாகச் சொன்னாள். "அப்பறம் அரை மணி வெயிட் பண்ணணும். அவசரப்படப்படாது. உதட்டைக் கண்ணாடில பாத்துண்டே இருக்கணும்."

"செரி" என்றார் மாமா. எட்டு வருஷம் கழித்து ஒரே ஒரு ஸ்பூன் தயிரைச் சாப்பிட்டுவிட்டு, அந்த அரை மணி நேரமும் கண்ணாடி முன்னால் நின்று, இன்னும் வீங்கவில்லை, இன்னும் வீங்கவில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.